எழுதுவது ஒன்று, நடப்பது ஒன்று: ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரோடு பல வருஷம்

"ஏனுங்கண்ணா, ஃபைல்ல போர்ட்ட மாத்தி சர்வீஸ ரீஸ்டார்ட்டும் பண்ணிட்டனுங்க. இன்னும் 22-லயேதான் நிக்குதுங்க." ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி போன வாரம் இப்படிக் கேட்டார். தூரத்தில் இருந்தே சர்வருக்குள் பாதுகாப்பாக லாகின் செய்ய வைக்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் பற்றித்தான் கேள்வி; போர்ட் என்பது அது காத்திருக்கும் கதவு எண். அங்கே ஓடுவது லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04. அவர் மேல் தப்பே இல்லை. உபுண்டுவில் 22.10-இல் இருந்து போர்ட்டைத் திறந்து வைத்துக் காத்திருப்பது எஸ்எஸ்எச்டி (ஓப்பன்எஸ்எஸ்எச்சின் சர்வர் புரோகிராம்) இல்லை, சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் சாக்கெட். 24.04-இல் அந்த சாக்கெட் கான்ஃபிக் ஃபைலில் இருக்கும் போர்ட்டை எடுத்துக்கொள்ளும்தான். ஆனால் சிஸ்டம்டியை மறுபடி எல்லாம் படிக்க வைக்கும் டீமன்-ரீலோட் கொடுத்து, எஸ்எஸ்எச் சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்தால்தான் எடுத்துக்கொள்ளும். சர்வீஸை மட்டும் எத்தனை தடவை தட்டி எழுப்பினாலும் பழைய 22-தான். பதிலைச் சொல்லிவிட்டேன், எரிச்சல் மட்டும் போகவில்லை.

திருப்பூரில் சில பனியன் கம்பெனிகளுக்கு சர்வர் பார்ப்பது என் பிழைப்பு. ஓப்பன்எஸ்எஸ்எச் இல்லாமல் அந்தப் பிழைப்பு ஒரு நாள் ஓடாது. 1999-இல் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்துக்காரர்கள் வெளியிட்ட இந்தச் சாமான் தானாக விழுந்து நான் பார்த்ததில்லை. காங்கயம் பக்கம் முகூர்த்தத்துக்குப் போய், மண்டபத்து வாசலில் நின்றபடி செல்போன் ஹாட்ஸ்பாட்டில் பேக்கப்பைச் சரி செய்திருக்கிறேன். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாலும் ஏற்கெனவே உள்ளே இருக்கும் செஷன் அறுவதில்லை என்பது. ஒரு ஜன்னலில் உள்ளே இருந்துகொண்டே மாற்றத்தைச் செய்து, இன்னொரு ஜன்னலில் புதிதாக லாகின் வருகிறதா என்று பார்க்கலாம். வரவில்லையா, முதல் ஜன்னலிலேயே திருப்பி வைத்துவிடலாம். பல்லடத்துக்கு ராத்திரியில் வண்டி எடுக்காமல் என்னைக் காப்பாற்றுவது இந்த ஒரு குணம்தான்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். ஒரு வாடிக்கையாளரின் வாடகை கிளவுட் சர்வர். மெயின் கான்ஃபிக் ஃபைலில் பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் 'நோ' என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ரீலோடும் ஆகிவிட்டது. ஆனால் லாகை (சர்வர் எழுதி வைக்கும் பதிவேட்டை) திறந்தால் எங்கெங்கிருந்தோ ரூட், அட்மின், டெஸ்ட் என்று பாஸ்வேர்டு முயற்சி மழையாகக் கொட்டுகிறது. வெளியில் இருந்து, வேண்டுமென்றே கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலான சாவி ஃபைல்) இல்லாமல் லாகின் செய்து பார்த்தேன். அழகாகப் பாஸ்வேர்டு கேட்டது. திரும்பத் திரும்பத் தப்பாகக் கொடுத்தபோது கடைசியில் 'பர்மிஷன் டினைட்' என்று சொல்லி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பப்ளிக்கீ, பாஸ்வேர்டு' என்று காட்டியது. அந்த அடைப்புக்குறியை யாரும் படிப்பதில்லை. சர்வர் எந்தெந்த வழியை ஏற்கத் தயாராக இருக்கிறது என்பதை அதன் வாயாலேயே சொல்லும் இடம் அது.

காரணம் இதுதான். 2020-இல் வந்த 8.2 பதிப்பில் இன்குளூட் (வேறு ஃபைல்களையும் இழுத்துப் படிக்க வைக்கும் வரி) சேர்ந்தது. உபுண்டுவின் மெயின் ஃபைலில் அந்த இன்குளூட் வரி மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அது இழுத்து வரும் ஃபோல்டரில் 50-கிளவுட்-இனிட் என்று ஒரு குட்டி ஃபைல், உள்ளே பாஸ்வேர்டு 'யெஸ்' என்று ஒரே வரி. சர்வர் எழும்போதே அதைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். எஸ்எஸ்எச்டி முதலில் எதைப் படிக்கிறதோ அதைத்தான் வைத்துக்கொள்ளும். கீழே நாம் என்ன எழுதினாலும் சட்டை செய்யாது. சிஸ்சிடிஎல் (கர்னல் அமைப்புகள்), சிஸ்டம்டி என்று லினக்ஸில் நாங்கள் தினமும் தொடும் மற்ற இடங்களில் பிறகு வருவதுதான் முந்தையதை மாற்றும். இது மட்டும் தலைகீழ். அதிலும் போர்ட் வரிக்கு இன்னொரு நியாயம்: அங்கே 22 என்றும் 2222 என்றும் எழுதினால் இரண்டிலும் கேட்கும். மேனுவலில் எல்லாம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆர்டர் ஷிப்மென்ட் அன்றைக்கு எவன் மேனுவலைப் படிக்கிறான்?

இதற்கு மருந்தும் உள்ளேயே இருக்கிறது. எஸ்எஸ்எச்டிக்குச் சின்ன டி (-t) கொடுத்தால் ஃபைலில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். பெரிய டி (-T) கொடுத்தால் எல்லா ஃபைலையும் படித்து, கடைசியில் எது செல்லும் என்று வரி வரியாகக் கொட்டும். அதில் பாஸ்வேர்டு என்று தேடினால் 'யெஸ்' வெளியே வந்துவிடும். 'மேட்ச்' பகுதி (சிலருக்கு மட்டும் தனி விதி) இருந்தால் யார், எங்கிருந்து வருகிறார் என்பதைப் பெரிய சி (-C) போட்டுச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்று கவனம்: அது காட்டுவது இப்போது ஃபைலில் இருப்பதை. ரீலோட் செய்யாமல் விட்டிருந்தால் ஓடிக்கொண்டிருக்கும் எஸ்எஸ்எச்டி இன்னும் பழைய கணக்கில்தான் இருக்கும். நான் இப்போதெல்லாம் என் விதிகளை 00 என்று தொடங்கும் ஃபைலில் எழுதிவிடுகிறேன். அகர வரிசையில் அதுதான் முதலில் படிக்கப்படும்.

லாகின் மறுக்கப்படும்போது காரணம் சொல்லாதது இன்னொரு வயிற்றெரிச்சல். பனியன் கம்பெனி கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி, 'உள்ள உட முடியாதுங்க' என்பதோடு சரி. ஒரு கம்பெனியில் சாம்பிள் போட்டோக்களை எல்லாரும் போடட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் ஒரு பையனின் ஹோம் ஃபோல்டருக்கு 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம் என்ற அனுமதி) கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பையனின் கீ வேலை செய்யவில்லை. வெளியே தெரிந்தது வெறும் 'பர்மிஷன் டினைட்'. உள்ளே சர்வர் லாகில் மட்டும் 'பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் டைரக்டரி' என்று உண்மை இருந்தது. நியாயமாகச் சொன்னால் அது செய்தது சரி. அந்த ஃபோல்டரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால், கீ பட்டியலை எவனும் மாற்றி வைத்துவிடலாமே. வெளியே நிற்பவனிடம் காரணத்தைச் சொல்லக் கூடாது என்பதும் சரிதான். ஆனால் உள்ளே போக முடியாதவன் உள்ளே இருக்கும் லாகை எப்படிப் படிப்பான்?

2024-இல் வந்த 9.8-இல் இருந்து இன்னொன்று. தொடர்ந்து தப்பான பாஸ்வேர்டு வரும் முகவரியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்கிறது, அதுவும் நாம் கேட்காமலேயே. டெபியன் 13 என்ற இன்னொரு லினக்ஸுக்கு மாறினால் இது கூடவே வரும். ஆபீஸ் முழுக்க ஒரே பொது ஐபி என்றால், மூலையில் பழைய பாஸ்வேர்டோடு ஓடும் ஒரு ஸ்கிரிப்ட்டுக்காக எல்லாருக்கும் கதவு சாத்தப்படலாம். ஆபீஸ் ஐபியை விலக்குப் பட்டியலில் சேர்க்க வழி இருக்கிறது, மாறும் முன்பே சேர்த்துவிடுங்கள்.

மாற்று கேட்பவர்களுக்கு: ரூட்டர் மாதிரிச் சின்னப் பெட்டி என்றால் டிராப்பேர் என்ற சின்ன எஸ்எஸ்எச் சர்வர் போதும். கம்பெனி சர்வருக்கு இதை விட்டு வேறொன்றைப் போட எனக்குக் கை வராது. மார்க் என்று கேட்டால் மட்டும் 5-க்கு 2. கைவிடப்பட்ட ஆப்ஷன் ஏதாவது ஃபைலில் இருந்தால் 'டெப்ரிகேட்டட் ஆப்ஷன்' என்று வரி எண்ணோடு லாகில் எழுத அதற்குத் தெரிகிறது. 'இந்த வரி செல்லாது, மேலே ஏற்கெனவே ஒருத்தன் சொல்லிவிட்டான்' என்று இன்னொரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? அது எழுதுகிற வரைக்கும் 2-தான்.