நாலரை நட்சத்திரமும் ஓர் எழுத்துப்பிழையும்

கேமராவின் பெயரைச் சொல்லவில்லை. சட்டைப்பையில் அடங்கும் உடம்பு, நீளமான ஜூம், 20 மெகாபிக்சல், வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சார் சுண்டுவிரல் நகத்தளவு என்று எந்தக் கம்பெனியுடையதை வாங்கினாலும் கதை ஏறக்குறைய இதேதான். ஏழு மாதமாகக் கையில் இருக்கிறது. நாலாயிரத்துச் சொச்சம் படம் எடுத்திருக்கிறேன். வாங்கும்போது இணையக் கடையில் அதன் தலைக்கு மேல் நாலரை நட்சத்திரம் மின்னியது. நான் கொடுப்பது மூன்று. மீதி ஒன்றரை எங்கே போனது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

வாங்கியதே மகளின் நாடகத்துக்காக. அரங்கில் எனக்குப் பன்னிரண்டாவது வரிசை. மேடையில் மஞ்சள் விளக்கு. அவள் மரத்தடியில் தூங்கும் கிழவியாக வந்தாள். தூங்கிய வரைக்கும் படம் பரவாயில்லை. எழுந்து ஓடினாள், போச்சு. வெளிச்ச உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ 3200-க்குப் போன பிறகும் ஷட்டர் வேகம் 1/40 நொடிக்கு மேல் ஏற மறுத்தது. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிக் காட்டினேன். “அம்மா, இதுல நான் எங்க இருக்கேன்?” என்றாள். சாம்பல் நிற இழுப்பு ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். தூங்கும் காட்சியிலும் முகம் மெழுகு பூசினாற்போல இருந்தது. நரைமுடி விக் ஒரே வெள்ளைத் திட்டு. இருட்டில் வரும் புள்ளி இரைச்சலைத் துடைக்கிறேன் என்று கேமரா முடியையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

‘ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது, இருட்டைப் பற்றிக் கவலையே இல்லை’ என்று ஒருவர் ஐந்து நட்சத்திரத்தோடு எழுதியிருந்தார். ஸ்டெபிலைசேஷன் என் கை நடுக்கத்தைச் சரிசெய்யும். ஓடுகிற கிழவியை நிறுத்தி வைக்க அதனால் ஆகாது. எழுதியவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். மேசையில் இருந்த பூச்சாடியை எடுத்துப் பார்த்திருப்பார்.

அதற்குப் பிறகுதான் பெட்டியில் இருந்த எண்களை ஒழுங்காகப் படித்தேன். சென்சார் 1/2.3 அங்குலம். கணக்குப் போட்டால் 11 மி.மீ. வர வேண்டும். உண்மையில் மூலைவிட்டமே 8 மி.மீட்டரைத் தொடாது. பழைய டிவி கேமராக்களில் இருந்த படக்குழாயின் வெளிவிட்டத்தை வைத்துச் சொன்ன அளவுமுறையாம். குழாய் போய்விட்டது, அளவு மட்டும் தங்கிவிட்டது. மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. இப்படி ஒரு எண் நான் பார்க்கும் பக்கத்தில் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுத்தான் அனுப்புவேன். சரி, உண்மையான அளவு சுமார் 6.2-க்கு 4.6 மி.மீ. பெரிய கேமராக்களில் இருக்கும் ஃபுல் ஃப்ரேம் சென்சார் என்பது 36-க்கு 24. பரப்பில் முப்பதில் ஒரு பங்குதான் என் கையில் இருப்பது. லென்ஸின் எஃப் எண்ணும் (திறப்பின் அளவு; எண் கூடினால் துளை சிறிது) ஷட்டரும் ஒன்றாகவே இருந்தாலும் இது பிடிக்கும் மொத்த வெளிச்சம் அதில் முப்பதில் ஒன்று. அரங்கில் நான் திட்டியது கேமராவை. திட்டியிருக்க வேண்டியது பெட்டியைத் திருப்பிப் படிக்காத என்னை.

ஜூம் கதை இதைவிட சுவாரசியம். ஏரிக்கரையில் மீன்கொத்தி ஒன்று காலையில் ஒரே கொம்பில் வந்து உட்காரும். வெயில் நன்றாக இருக்கும், பறவையும் அசையாது. ஜூமைக் கடைசிவரை நீட்டி எடுத்தேன். கேமராவின் பின்திரையில் அற்புதம். கணினியில் இறகு இறகாகத் தெரியவில்லை, நீலப் பஞ்சு. கை ஆடியதோ என்று முக்காலியில் வைத்தேன். அப்போதும் பஞ்சு.

காரணம் ஒளியின் குணம். சிறு துளை வழியே நுழையும்போது அது விளிம்பில் வளைந்து பரவும், டிஃப்ராக்‌ஷன் என்பார்கள். ஜூமை முழுக்க நீட்டினால் இந்த லென்ஸ் எஃப் 6.4-க்கு மேல் திறக்காது. அந்தத் துளையில் பச்சை ஒளியின் ஒற்றைப் புள்ளி, சென்சாரில் விழும்போது ஏறக்குறைய 8.6 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அகல வட்டமாகிவிடும். பிக்சலின் அகலமோ 1.2 மைக்ரான். ஆக ஒரு புள்ளியின் குறுக்கே ஏழு பிக்சல் வரிசையாக உட்கார்ந்துகொண்டு ஏறக்குறைய ஒரே சேதியைச் சொல்கின்றன. சந்தேகம் தீர ஒருநாள் 20 மெகாபிக்சலில் ஒரு படம், 5 மெகாபிக்சலில் ஒரு படம் எடுத்து, ஒரே அளவுக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எது எதுவென்று கோப்பின் பெயரைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. இப்போதெல்லாம் முழு நீளத்தில் எடுத்தால் 5-இலேயே எடுக்கிறேன். கார்டில் இடமாவது மிச்சம்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். பகல் வெளிச்சத்தில், ஜூமைப் பாதிக்குள் வைத்துக்கொண்டால், இது கொடுக்கும் படத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிட்டத்தில் போய் எடுக்க இதைவிட எளிதான கருவியை நான் கையாண்டதில்லை: சிலந்தி வலையில் தொங்கிய பனித்துளி ஒன்று இன்று வரை என் கணினித் திரையில் இருக்கிறது. சின்ன சென்சாரின் தயவால் முன்னும் பின்னும் நிறைய தூரம் தெளிவாக விழுகிறது. பையில் இருப்பதே தெரியாது. பேட்டரிக்குப் பெட்டியில் 300 படம் என்று போட்டிருக்கிறது. அது சீப்பா என்ற ஜப்பானிய கேமரா நிறுவனங்களின் சங்கம் வகுத்த சோதனை முறைப்படி வரும் எண். நாடகத்தன்று கொஞ்சம் வீடியோவும் எடுத்ததில் எனக்கு 190-இல் தீர்ந்தது. இன்னொரு பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இனி அந்த நாலரை நட்சத்திரம். நாடகம் முடிந்த வாரம், வாங்கும் முன் மேலோட்டமாகப் பார்த்த விமர்சனங்களை உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். பாதிக்கு மேல் ‘இன்றுதான் வந்தது’ வகை. பேக்கிங் அருமை, சொன்ன நாளுக்கு முன்பே வந்தது, கொண்டுவந்தவர் மரியாதையானவர். அந்த மரியாதைக்காரருக்குக் கொடுத்த நட்சத்திரமெல்லாம் கேமராவின் கணக்கில் ஏறியிருக்கிறது. ஒருவர் ‘ஒலி துல்லியம், ஆனால் பேஸ் போதவில்லை’ என்று எழுதியிருந்தார். இரண்டு முறை படித்தேன். அது ஒரு ஸ்பீக்கருக்கு வந்த விமர்சனம். வேறொரு பொருள் விற்ற பழைய பக்கத்தில் படத்தையும் பெயரையும் மாற்றிக் கேமராவை ஏற்றியிருக்கிறார்கள். சேர்ந்திருந்த நட்சத்திரங்கள் அப்படியே இதற்கு வந்துவிட்டன.

அடுத்தது என் தொழில் காட்டிக்கொடுத்தது. மூன்று வெவ்வேறு பெயர்களில் வந்த மூன்று விமர்சனங்களிலும் ‘ஆப்டிகள் ஜூம்’ என்று இருந்தது. ஆப்டிகல் அல்ல, ஆப்டிகள். பன்மை போல. எழுத்துப்பிழை யாருக்கும் வரும். ஆனால் முன்பின் தெரியாத மூன்று பேர் அதே சொல்லில் அதே எழுத்தில் தவறி, அதற்கு அடுத்த வாக்கியத்தையும் ‘என் குடும்பமே மகிழ்ந்தது’ என்று முடிப்பதில்லை. மூன்றிலும் ‘வாங்கியவர்’ என்ற முத்திரை இருந்தது. அந்த முத்திரை சொல்வது பணம் கட்டினார்கள் என்பதை மட்டுமே. கட்டிய பணம் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்ததா என்பதை அது சொல்லாது.

படத்தோடு வந்த விமர்சனங்களாவது மேல் என்று நினைத்தேன். மூலக் கோப்பு கிடைத்தால் அதற்குள் எக்ஸிஃப் விவரம் இருக்கும்: எந்தக் கேமரா, எந்த லென்ஸ், என்ன ஷட்டர். 2016-இல் ஹுவாவே நிறுவனம் தன் பி9 போனின் பெருமையைச் சொல்லி ஓர் அழகான சூரியோதயப் படத்தை வெளியிட்டது. யாரோ எக்ஸிஃபைத் திறந்து பார்த்தார்கள்; எடுத்தது கேனன் 5டி மார்க் 3. பிறகு மன்னிப்புக் கேட்டுப் படத்தை எடுத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியே அழிக்க மறந்த விவரத்தை, கடைப் பக்கத்து விமர்சனப் படங்களில் தேடினால் ஒன்றிலும் இல்லை. பல தளங்கள் ஏற்றும்போதே படத்தைச் சுருக்கி, இதையும் உதிர்த்துவிடும். ஆகவே அதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதை வைத்து எதையும் நம்பவும் முடியாது.

எனக்குக் கடைசியில் உதவியவை இரண்டு. ஒன்று, கேமராக்களைச் சோதித்து எழுதும் டிபிரிவ்யூ தளத்தின் ஸ்டுடியோ காட்சி: வண்ண அட்டை, இறகு, நூல்கண்டு, சிறு எழுத்து எல்லாம் அடங்கிய ஒரே காட்சியைக் கேமரா கேமராவாக எடுத்து, மூலக் கோப்பையும் கொடுப்பார்கள். அந்தத் தளம் 2007 முதல் அமேசானிடம் இருந்தது, 2023-இல் மூடப்போவதாக அறிவித்து, பிறகு வேறு நிறுவனத்துக்குக் கைமாறியது. விற்பவரின் கையில் இருந்த தளமா என்று தயங்கினேன். நூல்கண்டு தெளிவாக இருக்கிறதா என்று நானே பார்த்துக்கொள்ளலாம், யார் தளமாக இருந்தால் என்ன என்று தோன்றியது. இரண்டாவது, மூன்று நட்சத்திர விமர்சனங்கள். காசு வாங்கியவர் மூன்று போட மாட்டார், கோபக்காரர் ஒன்றோடு போய்விடுவார். ‘ஆறு மாதமாக வைத்திருக்கிறேன், மாலை ஐந்து மணிக்கு மேல் வெளியே எடுப்பதில்லை’ என்று ஒரே வரி எழுதியவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். வாங்கும் முன் அவரைப் படித்திருக்கலாம்.

நானும் மூன்று நட்சத்திரம் போட்டு, மீன்கொத்திப் பஞ்சையும் பனித்துளியையும் சேர்த்து ஏற்றினேன். நாலாம் நாள் விற்றவரிடமிருந்து மடல் வந்தது. மூன்றை ஐந்தாக மாற்றினால் மெமரி கார்டு ஒன்று இலவசமாக அனுப்புகிறார்களாம். மாற்றவில்லை. கார்டு ஒன்று எனக்குத் தேவையாகத்தான் இருந்தது, அது வேறு.