கேரவன் ஏசிக்கு ஹோண்டா ஈயூ22ஐ ஜெனரேட்டர்: இரண்டு கோடை ஓட்டிப் பார்த்த பிறகு

சின்ன ஹோண்டா ஜெனரேட்டரில் கேரவன் ஏசி ஓடுமா? ஓடும். கேரவன் வைத்திருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது இதைத்தான், அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கூரை ஏசி இந்தச் சின்ன ஜெனரேட்டரில் இரண்டு கோடையாக ஓடுகிறது. ஆனால் கடையிலிருந்து கொண்டுவந்து பிளக்கைச் சொருகியதும் ஓடிவிடும் என்று நினைக்காதீர்கள். எனக்கு முதல் நாள் ஓடவில்லை. இடையில் இன்னொரு சாமான் வேண்டும், அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

கதை 2023 ஜனவரியில் ஆரம்பித்தது. தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து பழைய ஜர்கன்ஸ் பென்டா கேரவனை பக்கியில் (பிக்கப் வண்டியில்) மாட்டிக்கொண்டு வடக்கே கடலோரச் செயின்ட் லூசியாவுக்குப் போயிருந்தோம், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய வாரம். அம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, மூச்சுத் திணறல் உண்டு. செயின்ட் லூசியாவில் ஜனவரி வெயில் டர்பன் வெயில் மாதிரிகூட இல்லை, ஈரத்துணியை முகத்தில் போட்டு மூடியது போல இருக்கும். ராத்திரி கதவைத் திறந்து வைத்துப் படுக்கலாம் என்றால் அங்கே நீர்யானை புல் மேய முகாமுக்குள்ளேயே வரும். எனவே ஏசிதான் கதி. அந்த வாரம்தான் எங்கள் நாட்டு மின்வாரியமான எஸ்காமின் ஆறாம் கட்ட மின்வெட்டு. ஒரு நாளைக்குப் பல தடவை மின்சாரம் போனது.

அப்போது என்னிடம் இருந்தது வேறொரு ஜெனரேட்டர், திறந்த சட்டத்தில் எஞ்சினும் டாங்கும் வெளியே தெரிகிற மலிவான வகை, பெட்டியில் இரண்டரை கேவிஏ என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். கணக்குப்படி ஏசிக்குத் தாராளம். ஸ்விட்சைப் போட்டேன். மின்விசிறி சுற்றியது, அரை நிமிஷம் கழித்துக் கம்ப்ரஸர் 'ம்ம்ம்ம்' என்று ஒரு முனகல் முனகியது, விளக்கெல்லாம் மங்கி மஞ்சளாகி, எஞ்சின் சத்தம் தொண்டை அடைத்தது போல இறங்கி, எல்லாம் நின்றது. நாலு தடவை முயற்சி செய்தேன். அந்தச் சத்தத்துக்கு எதிர்க் கேரவனில் இருந்த ஊம் (ஆப்பிரிக்கான்ஸ் பேசுகிற பெரியவர்) ஒருவர் எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் அவருடைய பேட்டரி விசிறியை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ராத்திரி அம்மா உட்கார்ந்தபடியேதான் தூங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் ஹோண்டாவை வாங்கினேன். 230 வோல்ட், அதிகபட்சம் 2.2 கேவிஏ, தொடர்ந்து கொடுப்பது 1.8. கிட்டத்தட்ட 21 கிலோ, ஒரு கையால் தூக்கி பக்கியில் வைத்துவிடலாம். விலை அந்தப் பழைய மெஷினைப்போல பல மடங்கு, யோசித்துத்தான் வாங்க வேண்டும். வாசலில் கேரவனை நிறுத்தி மாட்டிப் பார்த்தால் இதுவும் கம்ப்ரஸரைக் கிளப்பவில்லை. சிவப்பு விளக்கு எரிந்து மின்சாரத்தை நிறுத்திவிட்டது. மனசு உடைந்துபோனது.

டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் ஏசி வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர், மனைவி வழியில் சொந்தம், சனிக்கிழமை துன்னி என்கிற எங்கள் ஊர்ச் சீட்டாட்டம் ஆட வந்தவர் சீட்டை வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார். ஏசியின் பக்கத் தகட்டைத் துடைத்து எனக்கு வாசித்துக் காட்டினார். ஓடும்போது இழுப்பது 4.3 ஆம்ப்ஸ். கிளம்பும்போது இழுப்பது 20 ஆம்ப்ஸ். "தம்பி, மெஷினில் குறை இல்லை. நின்ற வண்டியைத் தள்ளுவதற்கு நாலு பேர் வேணும், உருள ஆரம்பிச்சா ஒருத்தன் போதும். உன்கிட்ட ஒருத்தன்தான் இருக்கான்" என்றார்.

எல்லாரும் தப்புப் பண்ணுவது இந்த இடத்தில்தான். ஏசி எத்தனை வாட் என்று பார்க்கிறோம், ஜெனரேட்டர் எத்தனை வாட் என்று பார்க்கிறோம், இது அதைவிடப் பெரியது, சரி என்று வாங்கிவிடுகிறோம். கம்ப்ரஸர் கிளம்புகிற அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஓடுவதைப்போல நாலைந்து மடங்கு இழுக்கும். 20 ஆம்ப்ஸை 230 வோல்ட்டால் பெருக்கினால் 4,600 விஏ, அதாவது 4.6 கேவிஏ. ஹோண்டாவின் உச்சமே பத்து ஆம்ப்ஸுக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உடனே வெட்டிவிடுகிறது, அது சரியான வேலைதான்.

இதற்கு மருந்து சாஃப்ட் ஸ்டார்ட்டர். உள்ளங்கை அளவுப் பெட்டி, கூரையில் ஏசி மூடியைக் கழற்றி கம்ப்ரஸர் ஒயரில் இணைக்க வேண்டும். கம்ப்ரஸரை ஒரே உதையில் கிளப்பாமல் மெல்ல மெல்ல மின்சாரத்தை ஏற்றிக் கிளப்பும். அண்ணன் ஒரு மணி நேரத்தில் மாட்டிவிட்டார். உள்ளே கெப்பாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் இது தெரிந்தவர் கையால் செய்ய வேண்டிய வேலை. முதல் நாலைந்து தடவை வீட்டு மின்சாரத்தில் ஓடவிட்டோம், அந்தக் கம்ப்ரஸரின் போக்கை அது கற்றுக்கொள்வதற்காக. அப்புறம் ஹோண்டாவில் மாட்டி, ஒயரில் கிளாம்ப் மீட்டரைக் கவ்வவிட்டுப் பார்த்தோம். முள் மாதிரி எகிறிக்கொண்டிருந்த 20, இப்போது ஒன்பதைத் தாண்டவில்லை. எஞ்சின் ஒரு தடவை மூச்சை இழுத்தது போலச் சத்தம் உயர்ந்து அப்படியே அடங்கியது. குழாயில் கை வைத்தால் சில்லென்று காற்று.

இனி பழக்கத்தில் தெரிந்தவை. சுமை குறைந்தால் எஞ்சின் வேகத்தைத் தானே குறைக்கிற எக்கோ ஸ்விட்சை அணைத்துவிட்டு ஏசியைப் போட வேண்டும், எஞ்சின் முழு வேகத்தில் தயாராக இருக்கும்போது கம்ப்ரஸர் கிளம்பட்டும், பத்து நிமிஷம் கழித்து எக்கோவைப் போட்டுக்கொள்ளலாம். ஏசியை அணைத்த உடனே மறுபடி போடக் கூடாது, உள்ளே வாயு அழுத்தம் சமமாக ஐந்து நிமிஷமாவது கொடுங்கள். குளிர்பெட்டியைக் கேஸுக்கு மாற்றிவிடுங்கள். ஏசி ஓடும்போது கெட்டில் கிடையாது, அது தனியாகவே இரண்டாயிரம் வாட் கேட்கும். அம்மாவின் தேநீருக்குக் கேஸ் அடுப்புதான்.

ஒயர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். புல் வெட்டும் மெஷினுக்கு வைத்திருந்த முப்பது மீட்டர் மெல்லிய ஒயரை முதலில் போட்டேன். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு, போக வர அறுபது மீட்டர், ஒரு ஓமுக்கு மேல் தடை. கம்ப்ரஸர் கிளம்பும் நேரம் ஒன்பது ஆம்ப்ஸுக்குப் பத்து வோல்ட் வழியிலேயே போய்விடும், சாஃப்ட் ஸ்டார்ட்டர் இல்லாவிட்டால் இருபதுக்கு மேல். இப்போது இரண்டரை சதுர மில்லிமீட்டர் ஒயர், பதினைந்து மீட்டர், கேரவன் பார்க்கில் எல்லாரும் போடுகிற அந்த நீல மூன்று முள் பிளக்கோடு. எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் தானே வெட்டுகிற ஸ்விட்ச்) விஷயத்தையும் ஒரு எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள். இந்த வகை ஜெனரேட்டரில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது, கேரவனில் உள்ள லீக்கேஜ் ஸ்விட்ச் நம்மைக் காப்பாற்றாமல் போகலாம்.

பெட்ரோல் டாங்க் 3.6 லிட்டர். என் ஏசி ஓடும்போது 950 வாட் போல எடுக்கிறது, ஒரு டாங்க்குக்கு ஐந்து மணி நேரம் கிடைக்கிறது, சாயங்காலம் குளிர்ந்து கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடினால் இன்னும் கொஞ்சம் கூட. ராத்திரி முழுக்க என்றால் நடுவில் ஒரு தடவை எழுந்து ஊற்ற வேண்டும், அணைத்து ஆறவிட்ட பிறகு. லித்தியம் பேட்டரி போடலாமே என்று மகன் கேட்டான். 12 வோல்ட், நூறு ஆம்ப்-மணி (Ah) பேட்டரி ஒன்றில் சுமார் 1.28 யூனிட் இருக்கும், இந்த ஏசிக்கு அது ஒன்றேகால் மணி நேரம். ஐந்து மணி நேரத்துக்கு நாலு பேட்டரி. எங்களால் முடியாது.

சத்தம்தான் எனக்கு இதில் மிகப் பிடித்தது. கேரவன் பக்கத்தில் உட்கார்ந்து குரலை உயர்த்தாமல் சீட்டாடலாம், ஆட்டத்தில் 'துன்னி' என்று மெதுவாகச் சொன்னாலும் எதிரே இருக்கிறவர் காதில் விழும். ஆனாலும் பல முகாம்களில் ஜெனரேட்டரே கூடாது, சில இடங்களில் ராத்திரி நேரம் கூடாது. இடம் பிடிக்கும்போதே கேட்டுவிட்டுப் போவது மரியாதை. எண்ணெய் 0.4 லிட்டர்தான் பிடிக்கும், புது மெஷினுக்கு முதல் இருபது மணி நேரத்தில் ஒரு தடவை மாற்றிவிடுங்கள், அதன்பின் நூறு மணி நேரத்துக்கு ஒன்று.

ஜோஹன்னஸ்பர்க் பக்கம் இருக்கிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உயரம் 300 மீட்டர் ஏறினால் எஞ்சின் பலம் மூன்றரை சதவீதம் போல குறையும். அந்தப் பக்கம் லெனேசியாவில் தங்கச்சி வீட்டு வாசலில் ஓட்டிப் பார்த்தேன், அந்த உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போல போய்விடுகிறது. 1.8 என்பது 1.45 ஆகிறது. என் சின்ன ஏசி ஓடியது, பெரிய ஏசி என்றால் இரண்டு மெஷினை இணைத்துப் போட வேண்டியிருக்கும்.

கடைசியாகப் புகை. தயவுசெய்து இதை வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மழைக்குப் பயந்து கேரவன் முன்கூடாரத்துக்குள் ஜெனரேட்டரை வைக்கவே கூடாது. 2024 டிசம்பரில் மின்சாரம் இல்லாத ஒரு காட்டு முகாமில், காலையில் தென்காற்று பார்த்து மெஷினைப் பின்பக்கம் பத்து மீட்டர் தள்ளி வைத்திருந்தேன். மத்தியானம் காற்று திரும்பிவிட்டது, நான் கவனிக்கவில்லை. அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டிருந்த அலாரம் கத்திய பிறகுதான் ஓடிப்போய் அம்மாவை வெளியே கூட்டி வந்தேன். ஒன்றும் ஆகவில்லை, தலை கொஞ்சம் பாரமாக இருக்கிறது என்றார், மரநிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு சரியாகிவிட்டது. இப்போது கேரவன் கம்பியில் அம்மாவின் பழைய புடவைக் கிழிசல் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன். அது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்ப்பது என் மகளின் வேலை, பக்கம் மாறினால் நான் எங்கே இருந்தாலும் வந்து சொல்லிவிடுவாள்.