ஆன்கி செயலி: அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் முக்கியம்

ஆங்கிலச் சொற்களை மனதில் நிறுத்த எட்டு மாதமாக ஆன்கி பயன்படுத்துகிறேன். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என்று நாம் எழுதிவைக்கும் அட்டையை, மறக்கப்போகும் நேரம் பார்த்துத் திரும்ப எடுத்து நீட்டுவதுதான் இதன் வேலை, அதை அருமையாகச் செய்கிறது.

முதல் மாதம் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ் அர்த்தம் என்று போட்டேன். லிசன், கேள். ஹியர், கேள். ஆஸ்க், அதுவும் கேள். பதில் டக்கென்று வரும், நினைவிருக்கிறது என்று சொல்லும் ‘குட்’ பொத்தானை அழுத்திக்கொண்டே போவேன். அப்புறம் ஒருநாள் வேலை விஷயமாகப் போனில் பேசும்போது, இரைச்சலில் எதிர்முனைக் குரல் விழவில்லை, ‘நீங்கள் பேசுவது கேட்கவில்லை’ என்று சொல்ல நினைத்து ‘ஐ ஆம் நாட் லிசனிங்’ என்று சொல்லிவிட்டேன். நீங்கள் பேசுவதை நான் கவனிக்கவே இல்லை என்றல்லவா அவர் காதில் விழுந்திருக்கும்! அந்த அமைதி இன்னும் உறுத்துகிறது.

புதிதாகக் கற்கும் மொழியின் சொல் ஆரம்பத்தில் நேராகப் பொருளோடு ஒட்டாது, தாய்மொழிச் சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போகும், பழகப் பழகத்தான் நேர்வழி பலப்படும் என்று ஆய்வாளர்கள் ஜூடித் குரோலும் எரிகா ஸ்டூவர்ட்டும் 1994-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். என் மூன்று சொற்களும் ‘கேள்’ என்ற ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன, கை போட்டால் எது வரும் என்று எனக்கே தெரியாது.

அதனால் எல்லா அட்டையையும் மாற்றினேன். இதில் குளோஸ் என்று கோடிட்ட இடம் நிரப்பும் வகை இருக்கிறது. ‘ஐ காண்ட் ___ யூ’ என்று எழுதி, பக்கத்தில் இரைச்சலான ரயில் நிலையப் படம். தமிழே கிடையாது. சீ, லுக், வாட்ச் மூன்றும் நமக்குப் ‘பார்’தான், அவற்றை ஒரே நாளில் சேர்க்காமல் வாரக்கணக்கில் தள்ளித் தள்ளிச் சேர்த்தேன், சேர்ந்தாற்போல் படித்தால் ஒன்றோடொன்று குழம்புகிறது. ஒரு நாளைக்கு 5 புதுச் சொல் போதும். இப்போது ஹியர் என்றதும் அந்த ரயில் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது.

தோற்றம் ரொம்பச் சாதாரணம், அமைப்புகள் முதலில் மிரட்டும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்கு மட்டும் காசு. ஐபோன்காரர்கள் பணம் கட்டுவதற்கு முன் கணினியில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.