ஷவர்மாவா, மரச்சீனியும் சாளைக் கறியுமா?

சாயங்காலம் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பசித்தால் கையில் கிடைப்பது இந்த இரண்டும்தான். மரச்சீனி என்றால் மரவள்ளிக் கிழங்கு, சாளை என்றால் மத்தி மீன்.

ஷவர்மாவில் வெளியே கருகியிருக்கும் கோழி, உள்ளே வெந்திருக்காது. கூட்டம் அதிகமானால் கடைக்காரர் ஆழமாகச் சீவிவிடுவார். சீவியதைத் தட்டையான கல்லில் மறுபடி வாட்டித் தருகிறாரா என்று பாருங்கள். கோழி உள்வரை 74 டிகிரி செல்சியஸ் சூடாக வேண்டும். அப்புறம் மயோனைஸ். பச்சை முட்டையில் அடித்தது வெயிலில் இருந்தால் வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமிக்குக் கொண்டாட்டம். 2025 ஏப்ரலில் தமிழக அரசு அதற்கு ஓராண்டுத் தடை போட்டது சும்மா இல்லை.

மரச்சீனியில் அந்தப் பயம் குறைவு. அதற்காக அது அப்பாவியும் இல்லை: பச்சைக் கிழங்கில் சயனைடு தரும் பொருள் உண்டு, வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டியே ஆக வேண்டும். முழுக்க மாவுச்சத்து, சர்க்கரை உள்ளவர்கள் நாலு துண்டோடு நிறுத்துவது நல்லது. சாளையில் புரதமும் ஒமேகா 3 கொழுப்பும் தாராளம். குடம்புளி போட்டுக் கொதித்த கறி என்றால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

வாரம் பூராவும் ஷவர்மா என்றால் உப்பும் கொழுப்பும் ஏறும். மாதத்தில் ஒருநாள், மயோனைஸ் இல்லாமல், சரி.