கொலாஜன் பவுடர் குடிக்கிறதா, சன்ஸ்க்ரீன் பூசுறதா: ஸ்கின்னுக்கு எது நிஜமா உதவுது?

யாரைப் பாத்தாலும் கையில ஒரு கொலாஜன் டப்பா (கொலாஜன்னா தோலைத் தாங்கிப் பிடிக்கிற புரோட்டீன்). பவுடர், கேப்ஸ்யூல், மெல்லுற கம்மி மிட்டாய், குட்டி பாட்டில்ல வர்ற ட்ரிங்க்னு எல்லா ரூபத்துலயும் வந்துருச்சு. நானும் கொஞ்ச காலம் குடிச்சேன், டப்பா தீர்ந்ததும் அடுத்ததை வாங்காம அந்தக் காசை பகல்ல சன்ஸ்க்ரீனுக்கும் ராத்திரி ரெட்டினாய்டுக்கும் (வைட்டமின் ஏ குடும்பத்து க்ரீம்) மாத்திட்டேன். அதனால இதை நடுநிலையான அலசல்னு யாரும் நம்பிட வேணாம், நான் எந்தப் பக்கம் சாயுறேன்னு போகப் போகத் தெரிஞ்சுடும். ஆனா குடிக்கிற கட்சி சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு, அதையும் அமுக்காம சொல்லிடுறேன்.

கொலாஜன் க்ரீமை முதல்லயே ஓரம் கட்டிடலாம். ஒரு முழு கொலாஜன் மூலக்கூறோட எடை சுமார் 3 லட்சம் டால்டன் (மூலக்கூறு எடையை அளக்குற அலகு), தோலோட மேல் அடுக்கைத் தாண்டி உள்ள போகணும்னா பொதுவா 500 டால்டனுக்குள்ள இருக்கணும். அது மேலயே உக்காந்து ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், அவ்ளோதான், அந்த வேலையை சாதா மாய்ஸ்சரைசரே பண்ணிடும்.

இப்போ குடிக்கிற விஷயம். இதை எதிர்க்கிறவங்க வழக்கமா ஒரே வரில முடிச்சுடுவாங்க, "அதெல்லாம் வயித்துல போய் செரிச்சு அமினோ ஆசிட் ஆயிடும், முகத்துக்கு எப்படிப் போகும்"னு. பாதி சரி. பெரும்பகுதி அப்படித்தான் செரிக்குது, கொலாஜன் குடிச்சா அது நேரா கன்னத்துல போய் ஒட்டிக்காது. ஆனா மீதிப் பாதியை அவங்க சொல்றதில்ல. கொலாஜன்ல ஹைட்ராக்ஸிப்ரோலின்னு ஒரு வித்தியாசமான அமினோ ஆசிட் இருக்கு, அது சேர்ந்த ரெண்டு மூணு அமினோ ஆசிட் துண்டுங்க குடல்ல முழுசா உடையாம அப்படியே ரத்தத்துக்குள்ள போயிடுது. 2005ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் ஜெலட்டின் ஹைட்ரோலிசேட் (கொலாஜன்ல இருந்து வர்ற ஜெலட்டினைச் சின்னச் சின்னதா உடைச்சது) குடிச்சவங்க ரத்தத்துல இந்தத் துண்டுகளைக் கண்டுபிடிச்சாங்க, அதுல முக்கியமானது ப்ரோலினும் ஹைட்ராக்ஸிப்ரோலினும் சேர்ந்த ஜோடி. இந்த மாதிரி துண்டுங்க, கொலாஜனைத் தயாரிக்கிற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லைத் தூண்டி விடுதுன்னு லேப்ல செல் வளர்த்துப் பாத்தப்போ தெரிஞ்சிருக்கு. பழைய கொலாஜன் எங்கயோ உடையுது போல, புதுசு பண்ணுவோம்னு செல் நினைச்சுக்குது, அப்படிங்கிறது இவங்க தியரி. யோசிச்சுப் பாத்தா ஒண்ணும் அபத்தமான ஐடியா இல்ல.

மனுஷங்க மேல பண்ண ட்ரையலும் இருக்கு. 2014ல வந்த ஒண்ணுல 35ல இருந்து 55 வயசு வரைக்கும் உள்ள 69 பெண்களுக்கு தினமும் 2.5 கிராமோ 5 கிராமோ கொலாஜன் பெப்டைடு (சின்னச் சின்னதா உடைச்ச கொலாஜன்) இல்லன்னா டம்மி பவுடர் 8 வாரம் குடுத்தாங்க, குடிச்சவங்களுக்கு தோலோட இழுவைத்தன்மை (இழுத்து விட்டா பழையபடி திரும்புற தன்மை) கூடியிருந்துச்சு. 2023ல இந்த மாதிரி 26 ட்ரையலை ஒண்ணாச் சேர்த்துப் பாத்த ஒரு மெட்டா அனாலிசிஸும் ஈரப்பதமும் இழுவைத்தன்மையும் கூடுதுன்னுதான் சொல்லுச்சு. இதோட நிறுத்திட்டா பவுடர் கட்சி ஜெயிச்ச மாதிரிதான், விளம்பரங்களும் சரியா இந்த இடத்துல நிறுத்திடும்.

2025ல இன்னொரு மெட்டா அனாலிசிஸ் வந்துச்சு, 23 ட்ரையல், 1474 பேர். மொத்தமாப் பாத்தா பலன் இருக்கு. ஆனா கம்பெனி காசு வாங்காத ட்ரையல்களை மட்டும் தனியாப் பிரிச்சுப் பாத்தா ஈரப்பதம், இழுவைத்தன்மை, சுருக்கம் மூணுலயும் பலனைக் காணோம். தரமாச் செஞ்ச ட்ரையல்களை மட்டும் எடுத்தாலும் அதே கதை. காசு குடுத்தது கம்பெனிங்கிறதாலயே ஒரு ஸ்டடி பொய்யாயிடாது, மருந்து ட்ரையல்லயும் நிறைய கம்பெனி காசுதான். ஆனாலும் காசு வர்ற இடத்தைப் பொறுத்து ரிசல்ட் இப்படி ரெண்டாப் பிரியுறப்போ கொஞ்சம் கையை இழுத்துக்கத்தான் தோணுது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2013லயே ஒரு பிரபலமான கொலாஜன் பெப்டைடு தோல் சுருக்கத்தைக் குறைக்கும்ங்கிற வாதத்துக்கு ஆதாரம் பத்தலைன்னு சொல்லிடுச்சு.

ஆனா நான் கட்சி மாறினதுக்கு இதெல்லாம் முக்கிய காரணம் இல்ல. எனக்குப் பெருசாப் பட்டது கால விஷயம். எவ்ளோ நாள் தொடரணும், அவ்ளோ நாள் தொடர்ந்தா என்ன ஆகும்னு யாராவது பாத்திருக்காங்களா?

நம்ம தோல்ல இருக்குற கொலாஜன் ரொம்ப மெதுவா மாறுற சரக்கு. அதுல பாதி மாறுறதுக்கே சுமார் 15 வருஷம் ஆகும்னு கணக்குப் போட்டிருக்காங்க (மூட்டு ஜவ்வுல இருக்குறதுக்கு நூறு வருஷத்துக்கும் மேல, அது தனிக் கதை). இப்போ இதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு பவுடர் ட்ரையலோட நீளத்தைப் பாருங்க, பெரும்பாலும் 8 வாரம், 12 வாரம். 15 வருஷத்துல பாதி மாறுற ஒரு பொருள் 8 வாரத்துல எவ்ளோ கூடியிருக்கும்? அந்த 8 வாரத்துல மிஷின்ல தெரியுற மாற்றம் நிறைய நேரம் தோல்ல தண்ணி கூடினதால வர்ற மாற்றமா இருக்கலாம்னு எனக்குத் தோணுது, ஏன்னா ஈரம் கூடினாலே தோல் கொஞ்சம் உப்பி மெல்லிசுக் கோடெல்லாம் மறைஞ்ச மாதிரி தெரியும், இழுத்துப் பாத்தாலும் நல்லாத் திரும்பும். அதுவும் ஒரு பலன்தான், இல்லன்னு சொல்லல. ஆனா டப்பா மேல எழுதியிருக்குறது அது இல்லையே, போன கொலாஜனைத் திருப்பிக் கொண்டு வர்றோம்னுல எழுதியிருக்கு.

அப்புறம் அந்த ட்ரையல் எல்லாம் முடிஞ்ச நாளோட கதையும் முடிஞ்சுடுது. நாம குடிக்கப் போறது 8 வாரமா? 30 வயசுல ஆரம்பிச்சா 50 வயசு வரைக்கும், ஒரு நாள் விடாம, தினமும் சில கிராம். அப்படி வருஷக் கணக்கா குடிச்சவங்களையும் குடிக்காதவங்களையும் பக்கத்துல நிக்க வெச்சு எடை போட்ட ஒரு பெரிய ட்ரையல் என் கண்ணுல படல. டம்மியா குடுக்குறதும் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின், அது மாவுச்சத்து. அதே அளவு வேற ஏதாவது புரோட்டீன் குடுத்து ஒப்பிட்டிருந்தா இது கொலாஜனோட மகிமையா இல்ல பொதுவா புரோட்டீன் கூடினதோட பலனான்னு தெரிஞ்சிருக்கும்.

சன்ஸ்க்ரீன் பக்கம் வாங்க. ஆஸ்திரேலியால குயின்ஸ்லாந்துல நம்பூர்னு ஒரு ஊரு, 1992ல இருந்து 1996 வரைக்கும் அங்க ஒரு ட்ரையல் நடந்துச்சு. முதுமை பத்தின ரிசல்ட் 2013லதான் வெளிய வந்துச்சு, 55 வயசுக்குக் கீழ உள்ள 903 பேர். ஒரு குழுவை தினமும் எஸ்பிஎஃப் 15 பூசச் சொன்னாங்க, இன்னொரு குழு இஷ்டப்பட்டப்போ பூசிக்கலாம். கை மேல்புறத் தோலை அச்சு எடுத்து ஆரம்பத்துலயும் நாலரை வருஷம் கழிச்சும் ஒப்பிட்டாங்க. தினமும் பூசினவங்களுக்கு தோல் முதிர்ச்சி 24 சதவீதம் கம்மி, நாலரை வருஷத்துல கண்டுபிடிக்கிற அளவுக்குக் கூடவே இல்ல. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற ஒண்ணு. அதே ட்ரையல்ல அதே ஆளுங்களுக்கு முழுங்குறதுக்கு ஒரு மாத்திரையும் குடுத்திருக்காங்க, பாதிப் பேருக்கு பீட்டா கரோட்டின், பாதிப் பேருக்கு டம்மி. பீட்டா கரோட்டினால தோல் முதிர்ச்சில மொத்தத்துல ஒரு வித்தியாசமும் இல்ல. அது கொலாஜன் இல்லதான், ஒத்துக்குறேன், ஆனா முழுங்குறதையும் பூசுறதையும் ஒரே ஊர்ல ஒரே காலத்துல மோத விட்ட இப்படி ஒரு ட்ரையல் கிடைக்கிறதே அபூர்வம்.

ஏன் பூசுறது ஜெயிக்குதுன்னா, கொலாஜன் குறையுறதுக்கு மூலப்பொருள் பத்தாதது காரணம் இல்ல, இருக்குறதை உடைக்கிறதுதான் பெரிய காரணம். மிச்சிகன் யுனிவர்சிட்டில 1990கள்ல காட்டினாங்க, தோல் சிவக்காத அளவு புற ஊதாக் கதிர் பட்டாலே போதும், சில மணி நேரத்துல கொலாஜனை வெட்டுற என்சைம்கள் தோல்ல கூடிடுது. வெட்டுப்பட்ட நார்கள் நடுவுல ஃபைப்ரோபிளாஸ்டுக்குப் பிடிமானம் போய், அது புதுசா தயாரிக்கிறதும் குறையுது. ஒரு பக்கம் சுவரை இடிச்சுக்கிட்டே இருக்குறப்போ செங்கல் லோடு லோடா வந்து இறங்கி என்ன பிரயோஜனம். ஜன்னல் கண்ணாடி வழியாக்கூட யுவிஏங்கிற ஒரு வகை புற ஊதாக் கதிர் உள்ள வரும், 28 வருஷம் டெலிவரி லாரி ஓட்டின ஒரு 69 வயசுக்காரரோட படம் 2012ல ஒரு மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு, ஜன்னல் பக்கம் இருந்த இடது பாதி முகம் மட்டும் பயங்கரமா சுருங்கித் தடிச்சிருக்கும், வலது பாதி ஓரளவு நல்லா இருக்கும். ரெண்டு பாதிக்கும் அவர் சாப்பிட்டது ஒரே சாப்பாடுதான்.

ரெட்டினாய்டு இன்னும் ஒரு படி மேல, அது நிஜமாவே கொலாஜனைக் கூட்டுது. 1993ல வெளியான ஒரு ஆராய்ச்சில வெயில் பட்டுக் கெட்டுப்போன தோல்ல 10ல இருந்து 12 மாசம் ட்ரெட்டினாயின்ங்கிற ஸ்ட்ராங்கான ரெட்டினாய்டு க்ரீம் போட்டவங்களுக்கு டைப் 1 கொலாஜன் (தோல்ல அதிகமா இருக்குற வகை) உருவாகுறது 80 சதவீதம் கூடுச்சு, மருந்தில்லாத வெறும் க்ரீம் போட்டவங்களுக்கு 14 சதவீதம் குறைஞ்சுச்சு. தோலைச் சின்னதா வெட்டி எடுத்து நேரடியாப் பாத்த ரிசல்ட் இது. சின்ன ஆராய்ச்சிதான், முப்பது பேர்கூட இல்ல. ஆனா ஒரு வருஷம் கிட்டப் பாத்திருக்காங்க, பாத்தது கொலாஜனையே. மெல்லிசுச் சுருக்கத்துக்கு ட்ரெட்டினாயின் க்ரீமுக்கு 1995ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதலும் குடுத்துச்சு. நான் போடுறது அவ்ளோ ஸ்ட்ராங் இல்ல, கடைல சாதாரணமாக் கிடைக்கிற ரெட்டினால்தான், அதனால ட்ரெட்டினாயினோட எஃபெக்ட் பத்தி என் முகத்தை வெச்சு நான் எதுவும் சொல்ல முடியாது.

இப்போ பராமரிப்புத் தொல்லைன்னு பாத்தா பவுடர் கட்சிக்கு நல்ல மார்க். கலக்கு, குடி, முடிஞ்சுது. சன்ஸ்க்ரீன் அப்படி இல்ல, சிலது வெள்ளையாப் பூத்த மாதிரி நிக்கும், சிலது கண்ணுல எரியும், வெளிய நிக்குறீங்கன்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசணும், நம்ம ஆளுங்க பூசுற அளவும் பொதுவா பாதிதான் இருக்கும். பிடிச்ச ஒண்ணு கிடைக்கிற வரைக்கும் நானும் நிறைய திட்டியிருக்கேன். ரெட்டினாய்டு ஆரம்பத்துல தோலை உரிச்சுச் சிவக்க வைக்கும், வாரத்துக்கு ரெண்டு ராத்திரின்னு மெதுவா ஆரம்பிக்கணும். கர்ப்பமா இருக்குறவங்க, அதுக்கு முயற்சி பண்றவங்க அது பக்கமே போகக் கூடாது. அந்த நேரத்துல சன்ஸ்க்ரீன் மட்டும் போதும்.

எலும்பு சூப், ஜெலட்டின்னு சாப்பாடாவே எடுத்துக்கிட்டா என்னன்னு கேக்குறவங்களுக்கு: நல்லா இருந்தா குடிங்க. ஆனா ஒரு கிண்ணத்துல எவ்ளோ கொலாஜன் இறங்கியிருக்குன்னு ஒவ்வொரு தடவையும் மாறும், ட்ரையல்ல குடுத்ததும் அது இல்ல. புரோட்டீனாப் பாத்தாலும் கொலாஜன் அரைகுறைதான், ட்ரிப்டோஃபேன்னு ஒரு அத்தியாவசிய அமினோ ஆசிட் அதுல சுத்தமா இல்ல, அதனால முட்டைக்கோ பருப்புக்கோ பதிலா அதை எண்ணிடாதீங்க. உடம்பு கொலாஜன் கட்டுறதுக்கு வைட்டமின் சி கட்டாயம் வேணும், அது இல்லாமதான் ஸ்கர்வி வந்து ஈறுல ரத்தம் வரும். ஆனா சாதாரணமா பழம் காய் சாப்பிடுறவங்களுக்கு மேல மேல ஊத்துறதால கொலாஜன் கூடிக்கிட்டே போகாது.

சைவம் சாப்பிடுறவங்க ஒரு விஷயம் கவனிங்க, நிஜக் கொலாஜன் மாடு, பன்னி, மீன், கோழில இருந்துதான் பெரும்பாலும் வருது. வீகன்னு எழுதின டப்பாவைத் திருப்பிப் பாத்தா நிறைய இடத்துல அமினோ ஆசிட்டும் வைட்டமின் சியும்தான் இருக்கும், மேல சொன்ன ட்ரையல் எதுவும் அதுக்குப் பொருந்தாது. மீன் அலர்ஜி உள்ளவங்க மரைன்னு போட்டிருக்குறதைத் தொடவே வேணாம்.

இவ்ளோ சொன்ன பிறகும் பவுடரை ட்ரை பண்ணிப் பாக்கணும்னு தோணுறவங்க இருப்பீங்க. பெருசா ஆபத்து எதுவும் இல்ல, ட்ரையல்கள்லயும் கனமான பக்க விளைவு வந்ததாத் தெரியல. சன்ஸ்க்ரீனுக்கு ஒதுக்கினது போக மிச்சம் காசு இருந்தா வாங்குங்க, அதுல கைய வெச்சு வாங்காதீங்க. ஹைட்ரோலைஸ்டு இல்லன்னா பெப்டைடுன்னு போட்டதா எடுங்க, ஒரு வேளைக்கு எத்தனை கிராம்னு பாருங்க, கம்மி மிட்டாய்ல எல்லாம் கிராம் கணக்கு ரொம்பக் குறைவா இருக்கும். மூணு மாசம் ஒரே வெளிச்சத்துல, ஒரே இடத்துல நின்னு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க, அந்த மூணு மாசமும் முகத்துக்குப் போடுற வேற எதையும் மாத்தாதீங்க. பவுடரோட சேர்த்து புது மாய்ஸ்சரைசரும் ஆரம்பிச்சா, எது வேலை செஞ்சுதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.