கார் கண்ணாடியில் உறைபனி: வெந்நீரா, போர்வையா, ஆல்கஹால் ஸ்ப்ரேயா?

குளிர்காலத்தில் காலையில் வண்டியை எடுக்கப் போனால் முன்கண்ணாடி வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். வீட்டில் இருக்கிற சாமான்களை வைத்தே இதைச் சமாளிக்க ஆளுக்கொரு வழி சொல்வார்கள்: வெந்நீர், உப்புத்தண்ணீர், வினிகர், முந்தின இரவே பழைய போர்வை போட்டு மூடுவது, ரப்பிங் ஆல்கஹாலை (மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தண்ணீரில் கலந்து அடிப்பது. நான் வந்து நின்றது ஆல்கஹால் ஸ்ப்ரேயில். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எது சீக்கிரம் உருக்குகிறது என்றுதான் பொதுவாக எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது உருகின தண்ணீர் எங்கே போகிறது என்பது. கண்ணாடி தெளிந்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறோம், ஆனால் அந்தத் தண்ணீர் வைப்பருக்கு அடியிலோ கதவு ரப்பரின் இடுக்கிலோ காருக்குள் மிதியடியிலோ போய்த் தங்கி, அன்று ராத்திரியே மறுபடி உறைந்து நிற்கும்.

வெந்நீரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டினது. ஏற்கெனவே கல் பட்டுச் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால், திடீர்ச் சூட்டில் அது நீள விரிசலாக ஓட வாய்ப்பிருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர்தானே, என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்பார்கள். சரி, கண்ணாடி தப்பித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஊற்றின அத்தனை தண்ணீரும் வழிந்து வைப்பர் கீலிலும் கதவோரத்திலும் இறங்கி உறையும், மிச்சம் நீங்கள் கால் வைக்கிற தரையில் பனிக்கட்டியாகும்.

உப்பு உண்மையிலேயே வேலை செய்யும், நன்றாகக் கரைத்த உப்புத்தண்ணீர் மைனஸ் 21 டிகிரி வரை உறையாமல் தாங்கக்கூடியது. ஆனால் அது வழிந்து போய்ச் சேருவது இரும்புத் தகட்டில். சாலையில் தூவுகிற உப்பே வண்டியை அரிக்கப் போதும், நாமும் வேறு சேர்க்க வேண்டாம். வினிகருக்கு எப்படி இவ்வளவு பெயர் கிடைத்தது என்பதுதான் புரியவில்லை. சமையல் வினிகரில் அமிலம் 5 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், மீதி தண்ணீர்தான், அது பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே போனாலே உறைந்துவிடும். லேசான பனிக்கு வேலை செய்கிற மாதிரி தெரியும், கொஞ்சம் கடுமையான குளிரில் ஏற்கெனவே இருக்கும் பனி மேல் இன்னொரு பனிப்படலத்தைப் பூசின மாதிரிதான்.

உண்மையான போட்டி போர்வைக்கும் ஸ்ப்ரேக்கும்தான்.

போர்வைக்காரர்கள் பக்கம் நல்ல நியாயம் இருக்கிறது. மேகமில்லாத ராத்திரியில் கண்ணாடி தன் சூட்டை வானத்தைப் பார்த்து இழந்துகொண்டே இருக்கும், அதனால் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். காற்று இன்னும் பூஜ்யத்துக்கு மேலே இருக்கும்போதே கண்ணாடியில் மட்டும் பனி படிவது இதனால்தான். மேலே ஏதாவது ஒன்று மூடியிருந்தால் அந்தச் சூடு அவ்வளவாகப் போகாது, காற்றின் ஈரமும் கண்ணாடியில் வந்து படியாது. பனியே பிடிக்காமல் தடுப்பது பிடித்த பனியை உருக்குவதைவிடப் புத்திசாலித்தனம், இதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. செலவும் கிடையாது, ஒரு பழைய படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளையும் கதவுக்குள் செருகிச் சாத்தினால் போதும்.

ஆனால் காலையில் அந்த விரிப்பை என்ன செய்வீர்கள்? மேலே பனியும், அடியில் ஈரமுமாக விறைத்துப்போய் இருக்கும். வீட்டுக்குள் கொண்டு போய்க் காயப்போட நேரம் இருக்காது, எல்லாரும் செய்வது போலச் சுருட்டிப் பின் சீட்டிலோ டிக்கியிலோ போட்டுவிட்டு ஓட்டுவீர்கள். ஹீட்டர் சூட்டில் அது நிதானமாக உருகி, அந்த ஈரம் ஆவியாகிக் காருக்குள்ளேயே சுற்றும். சாயங்காலம் வண்டியை நிறுத்திக் கதவைச் சாத்தினதும் அந்த ஈரம் போக வழியில்லாமல் கண்ணாடியின் உட்பக்கத்தில் படிகிறது, ராத்திரி அங்கேயே உறைகிறது. வெளிப் பனியைச் சுரண்டிவிடலாம், உள்பக்கப் பனியைச் சுரண்டிப் பாருங்கள், கை வளையாது, கண்ணாடி சாய்ந்திருக்கிற கோணத்தில் சுரண்டியும் பிடிக்காது, சுரண்டின தூள் எல்லாம் டாஷ்போர்டில் விழுந்து திரும்பவும் தண்ணீராகும். என்னைப் பொறுத்தவரை போர்வை தோற்பது இந்த ஒரு இடத்தில்தான். தினமும் அதை வீட்டுக்குள் கொண்டுபோய் உலர்த்தப் பொறுமை இருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

இன்னொன்று, துணி ஏற்கெனவே நனைந்திருந்தாலோ, மூடும்போது கண்ணாடி ஈரமாக இருந்தாலோ காலையில் துணி கண்ணாடியோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அட்டைப்பெட்டியைப் பிரித்து வைப்பவர்களுக்கும் இதே கதி, அது ஊறிக் கூழாகிவிடும். மூடத்தான் வேண்டும் என்றால் தண்ணீர் உறிஞ்சாத பிளாஸ்டிக் விரிப்பு அல்லது தார்பாய், உதறினால் பாதி ஈரம் அங்கேயே போய்விடும்.

இப்போது ஸ்ப்ரே. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, அவ்வளவுதான். சுத்தமான ஐசோபுரொப்பைல் மைனஸ் 89 டிகிரியில்தான் உறையும். தண்ணீர் சேர்க்கச் சேர்க்க அந்தத் தாக்குப்பிடிக்கும் சக்தி குறையும், என்றாலும் இந்தக் கலவை மைனஸ் 15 வரை உறையாது. அதற்கும் கீழே போனால் தண்ணீர் கலக்காமல் அப்படியே அடிப்பது நல்லது. மேலிருந்து கீழாக அடித்துவிட்டு ஒரு நிமிடம் விட்டால் பனி கண்ணாடியிலிருந்து பிடியை விடும், பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளினால் கொழகொழவென்று வரும். நீங்கள் சேர்க்கிற திரவமே கொஞ்சம்தான், வழிகிற தண்ணீரிலும் ஆல்கஹால் கலந்திருக்கும், அதனால் வைப்பர் அடியில் போய்த் தங்கினாலும் உடனே கல்லாக மாறாது. காருக்குள் ஒரு சொட்டு ஈரம் போவதில்லை. உலர்த்துவதற்கும் மடித்து வைப்பதற்கும் ஒன்றுமில்லை.

குறை இல்லாமலா? இருக்கிறது. ஆல்கஹால் தண்ணீரைவிடச் சீக்கிரம் ஆவியாகும், ஆவியாகும்போது கண்ணாடியை இன்னும் குளிர வைக்கும். அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டால் மிஞ்சின தண்ணீர் மெல்லிய படலமாகத் திரும்ப உறைந்துவிடும். அடித்த கையோடு சுரண்டித் துடைத்துவிட வேண்டும். அடிக்கும்போது காரின் ஃபேனை நிறுத்தி வையுங்கள், உள்ளே வரும் காற்று முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள திறப்பு வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது, ஆல்கஹால் நெடி மொத்தமும் மூக்குக்கு வந்துவிடும். துடைத்து முடித்த பிறகு போட்டுக்கொள்ளலாம். பெயின்ட் மேல் போட்ட வேக்ஸைக் கொஞ்சம் கரைக்கும் என்பதால் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தீப்பிடிக்கும் பொருள் என்பதைச் சொல்லவே வேண்டாம், பக்கத்தில் சிகரெட் கூடாது.

ஸ்ப்ரே தெளிவாகத் தோற்கிற இடமும் ஒன்று உண்டு. மழை விழுந்த கையோடு உறைகிற ராத்திரிகளில் கண்ணாடி மேல் தடிமனான கட்டியே உருவாகும், அதற்குப் பாட்டில் பாட்டிலாக அடித்தாலும் போதாது, அன்றைக்குத் தார்பாய் போட்டவர்தான் ஜெயிப்பார். மைனஸ் 25, 30 என்று போகிற ஊர்களில் நான் வண்டி ஓட்டினதில்லை, அங்கே இருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உள்பக்கம் மூட்டம் போடுகிறதே என்பவர்களுக்கு: காலுறைக்குள் பூனை மணலை (வீட்டுப் பூனை மலஜலம் கழிக்க வைக்கிற, ஈரம் உறிஞ்சும் மணல்) கட்டி டாஷ்போர்டில் வைப்பது கொஞ்சம் உதவும், ஆனால் ஹீட்டரோடு ஏசியையும் போட்டு வெளிக்காற்றை உள்ளே விடுவதுதான் வேகமான வழி. ஏசி ஈரத்தை எடுத்துவிடும். கடுங்குளிரில் பல கார்களில் ஏசி தானாகவே ஓடாது, அப்போது வெளிக்காற்றும் சூடும் மட்டும்தான். கதவு ஒட்டிக்கொள்வதற்குச் சமையல் எண்ணெய், வாசலின் இரண்டும் வேண்டாம். எண்ணெய் பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும், வாசலின் பெட்ரோலிய வகை, கதவு ரப்பருக்கு நாளாக நாளாக ஆகாது. ரப்பரை நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டு சிலிகோன் தடவினால் போதும்.

ஸ்ப்ரே பாட்டிலை மட்டும் காரில் வைக்காதீர்கள். கதவே உறைந்து ஒட்டிக்கொண்ட அன்று அது உள்ளே இருந்து பிரயோஜனம் இல்லை, வீட்டு வாசலில் சாவி மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு உறைந்துபோனால் சாவியில் கொஞ்சம் அடித்துச் செருகவும் இதே பாட்டில்தான் உதவும்.