9,400 ரூபாயும் கொடுத்து, காபியும் போட்டுக் கொடுத்தேன்

என் காரின் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பழைய ஸ்விட்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இன்று பிற்பகல் ஜே.சி. ரோட்டுச் சந்து ஒன்றில் கழற்றியது. புது ஸ்விட்ச், கூலி எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய். இதே கோளாறுக்கு நான் ஏற்கெனவே அழுதது 9,400 ரூபாய்.

போன வாரம் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது டிரினிட்டி சிக்னலில் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். இறங்கியது, ஏறவில்லை. பெங்களூரு மழை தெரியுமே, எங்கேதான் காத்திருந்ததோ! அல்சூர் வந்து சேர்வதற்குள் வலது தோள் தொப்பலாகிவிட்டது. இரவு குப்பைப் பையைக் கிழித்து ஜன்னலில் ஒட்டினேன்.

மறுநாள், வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கார் பழுதுபார்க்கும் ஒரு செயலியில் பதிவு செய்தேன். பெயர் வேண்டாம். வந்தவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். என் கன்னடம் தடுமாறியதைப் பார்த்து, “தமிழிலேயே சொல்லுங்கள் அண்ணா, எனக்குக் கிருஷ்ணகிரிதான்” என்றார். அம்மாவுக்கும் அதே மாவட்டம். எந்த ஊர், யார் வீடு என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டேன். அங்கேதான் விழுந்தேன். ஊரைக் கேட்ட வாயால் விலையைப் பேரம் பேச நா எழவில்லை.

கதவில் காதை வைத்துக் கேட்டார். “மோட்டார் எரிந்துவிட்டது அண்ணா. கண்ணாடியைத் தூக்குகிற ரெகுலேட்டரோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். செயலி வழியாகக் கட்டினால் 12,000 தாண்டும். எனக்கு நேராக அனுப்பினால் 9,400 போதும்.” லாபம் என்று நினைத்தேன். இதில் என் பேராசைக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

“தூசி பறக்கும், நீங்கள் மேலே போய் உட்காருங்கள்” என்றார். மேலே போனவன் சும்மா உட்கார்ந்தேனா? அவருக்காக டிகாஷன் இறக்கிக் காபி போட்டேன். ஃபில்டர் சொட்டிக்கொண்டிருந்த அந்த இருபது நிமிடத்தில்தான் கீழே என் 9,400 ரூபாய் போயிருக்கிறது. டம்ளரோடு இறங்கி வந்தபோது கதவை மூடியாகிவிட்டது. கண்ணாடி அழகாக ஏறி இறங்கியது. ஏதோ ஸ்பிரே வாடை. கழற்றிய பழைய மோட்டார் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. காபி நன்றாக இருக்கிறது என்று வேறு பாராட்டிவிட்டுப் போனார்.

மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் காலை இறங்கிய கண்ணாடி மறுபடியும் ஏறவில்லை.

அழைத்தேன். “ஓசூரில் இருக்கிறேன் அண்ணா, நாளை வருகிறேன்.” அந்த நாளை இன்னும் விடியவில்லை. இப்போது எண்ணே அணைந்து கிடக்கிறது. செயலியின் உதவி எண்ணில் முதலில் 48 மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தேன். பிறகு பேசிய பெண், “எங்கள் கணக்கில் 299 ரூபாய் பரிசோதனைக் கட்டணம் மட்டும்தான் இருக்கிறது சார்” என்றார். 9,400 ரூபாய்? “அது உங்களுக்கும் அவருக்கும் இடையே நடந்தது.” மூன்றாவது முறை அழைத்தபோது, புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். எதைத் தீர்த்தார்களாம்?

ஜே.சி. ரோட்டு எலக்ட்ரீஷியன் பெரியவர் கதவைத் தொடும் முன்பே ஒன்று கேட்டார்: “கண்ணாடி இறங்குகிறதல்லவா? அப்புறம் மோட்டார் எப்படித் தம்பி எரிந்திருக்கும்?”

ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே மோட்டார்தான். அதற்கு இரண்டு ஒயர். மின்சாரம் பாயும் திசையை ஸ்விட்ச் மாற்றிக் கொடுக்க, மோட்டார் இப்படியோ அப்படியோ சுழல்கிறது, அவ்வளவுதான். கதவின் உள்பலகையைக் கழற்றி, மோட்டாருக்கு நேராக 12 வோல்ட் கொடுத்தார். ஏறியது. ஒயரை மாற்றிப் பிடித்தார், இறங்கியது. ஸ்விட்சைப் பிரித்தால், ஏற்றும் பக்கத்துத் தகடு கருகிப் பச்சை பூத்துக் கிடந்தது. “இதில் ஸ்பிரே அடித்திருக்கிறான். அதுதான் மூன்று நாள் வேலை செய்திருக்கிறது” என்றார். மோட்டாரைத் துடைத்துக் காட்டினார். அதில் 2016 என்ற முத்திரை. என் கார் வாங்கிய வருடம். ஒரு திருகாணிகூடப் புதிதில்லை. 9,400 ரூபாய்!

நிறைய எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. கண்ணாடி இறங்கி ஏறாவிட்டாலோ, ஏறி இறங்காவிட்டாலோ முதலில் ஸ்விட்சைச் சந்தேகப்படுங்கள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். பின்பக்கக் கண்ணாடிகள் மட்டும் நின்றால், ஓட்டுநர் கதவிலுள்ள பூட்டுப் பொத்தானைக் குழந்தைகள் யாராவது அழுத்தியிருக்கலாம். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். வேலை முடியும்வரை காரை விட்டு நகராதீர்கள்.

நாளை காலை 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கப் போகிறேன். பணம் அனுப்பிய பதிவு கைபேசியில் இருக்கிறது. ஆனால் குறிப்பில் மோட்டார் என்றோ ரெகுலேட்டர் என்றோ ஒரு வார்த்தை இல்லை. ‘கிருஷ்ணகிரித் தம்பிக்கு’ என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.